குலைந்த படிகமும் திறந்த நிரலும்

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வந்தவர்கள் அந்தச் சிறு பொட்டலங்களைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. கடற்கரைக்குப் போகும் வழியில், சங்குக்கும் சிப்பிமாலைக்கும் நடுவே, பல நிற மணலைத் தனித்தனியாகக் கட்டி விற்பார்கள். சிவப்பாக இருப்பது கார்னெட். கறுப்பு, இல்மனைட். நிறமில்லாமல் மினுமினுப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ்; அதில் சிர்க்கானும் கலந்திருக்கும். தேன் மஞ்சளாக அங்கங்கே தென்படும் மணி மோனசைட். இந்த நிறங்களுக்குக் கடைக்காரர் ஒரு புராணக் கதை சொல்வார். நாம் வேறு ஒரு கதையைப் பார்ப்போம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து, ஆறுகளின் வழியே கடலுக்கு வருகின்றன. கடியபட்டினத்தருகே கடலில் கலக்கும் வள்ளியாறு அவற்றுள் ஒன்று. அதன்பின் அலை வேலையைத் தொடங்குகிறது. அம்மா அரிசி களையும்போது கல் அரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? லேசானது நீரோடு போகும். கனமானது அடியில் தங்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கனமான தாதுமணல் திரண்டது இப்படித்தான்.

1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அக்காலத்தில் விளக்கு மேண்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அப்புறம் கேட்க வேண்டுமா? மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அது இந்திய அரசின் அருமண் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மணல் எடுக்கலாமா, எடுத்தால் கரையும் மீனவர் குடியிருப்பும் என்னவாகும் என்ற கேள்வி மாவட்டத்தில் சூடாகவே பேசப்படுகிறது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். இங்கே இரண்டே இரண்டு மணிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஒரு சிர்க்கான், ஒரு மோனசைட்.

இரண்டும் படிகங்கள். சிர்க்கான் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேட். அதில் யுரேனியமும் தோரியமும் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு கலந்திருப்பது சாதாரணம். மோனசைட் என்பது சீரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்களின் பாஸ்பேட். அதில் தோரியம் மிகுதி. நம் கரையில் கிடைப்பதில் எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழையில்லை. அதாவது சிர்க்கானைவிடக் கதிரியக்கம் மோனசைட்டில் பல மடங்கு அதிகம்.

கதிரியக்கம் படிகத்தை என்ன செய்யும்? தோரியம் அணு ஒன்று சிதையும்போது ஆல்பாத் துகள் ஒரு பக்கம் பாய்கிறது. மிஞ்சிய கனமான கரு எதிர்ப்பக்கம் உதைக்கப்படுகிறது. துப்பாக்கி சுடுபவரின் தோள் பின்னுக்குத் தள்ளப்படுவது போலத்தான். அந்தக் கனமான கரு வெகுதூரம் போவதில்லை. ஆனால் போகும் சிறு வழியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்களை அவற்றின் இடத்திலிருந்து தள்ளிவிடுகிறது. காலப்போக்கில் இத்தகைய குலைந்த பகுதிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, முழுப் படிகமும் கண்ணாடியைப் போல ஒழுங்கற்றதாகிவிடும். பழமையான சிர்க்கான்கள் பலவற்றில் இது நடந்திருக்கிறது. அவை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பருத்து, அடர்த்தி குறைந்து, வெளித்தோற்றத்தில் மட்டும் படிகமாக நிற்கின்றன.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதி மோனசைட்டின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. எனவே இதுவரை 100 தோரியம் அணுக்களில் 2.7 மட்டுமே சிதைந்திருக்கும். ஒரு கிராம் மோனசைட்டில் தோரியம் அணுக்கள் 1.8×10²⁰. அவற்றுள் சிதைந்தவை சுமார் 5×10¹⁸. ஒவ்வொன்றும் ஈயமாக முடிவதற்குள் 6 ஆல்பாத் துகள்களை வெளியிடுகிறது. ஆக மொத்தம் 3×10¹⁹ ஆல்பாச் சிதைவுகள். அதே ஒரு கிராமில் எல்லா வகை அணுக்களும் சேர்ந்து 1.5×10²². வகுத்துப் பாருங்கள்: 500 அணுக்களுக்கு ஒரு ஆல்பாச் சிதைவு! ஒவ்வொரு சிதைவும் ஆயிரம் அணுக்களையாவது தள்ளும் என்றோமே. அப்படியானால் அந்த மஞ்சள் மணியின் ஒவ்வொரு அணுவும் சராசரியாக இரண்டு முறை தன் இடத்தை இழந்திருக்க வேண்டும்.

ஆயினும் மோனசைட் படிகமாகவே இருக்கிறது. எக்ஸ்கதிரில் வைத்துப் பார்த்தால் ஒழுங்கான புள்ளிகள் தெரிகின்றன. அதைவிடக் குறைவாக அடி வாங்கிய சிர்க்கான் குலைந்துவிடுகிறது. இது ஏன்?

விளையாட்டுக் கேள்வி அல்ல இது. அணு உலையின் எரிபொருளைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் கதிரியக்கக் கழிவை, கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உறையவைத்துச் சேமிக்கிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் ஆகிய மூன்று இடங்களிலும் இதற்கான ஆலைகள் உண்டு. கண்ணாடிக்குப் பதில் சிர்க்கானையோ மோனசைட்டையோ ஒத்த படிகத்தில் புளூட்டோனியத்தைப் பூட்டிவைக்கலாமா என்று பல நாடுகளில் ஆராய்கிறார்கள். புளூட்டோனியம் 239இன் அரை ஆயுள் 24,100 ஆண்டு. பூட்டு எத்தனை காலம் தாங்கும் என்று காத்திருந்து பார்க்க எவராலும் முடியாது. 2007இல் கேம்பிரிட்ஜின் இயான் பார்னனும் அவருடன் உழைத்தவர்களும் சிர்க்கானில் ஒவ்வொரு ஆல்பாச் சிதைவும் சுமார் 5,000 அணுக்களைக் குலைக்கிறது என்று அளந்து காட்டினார்கள். நூற்றுக்குப் பத்துப் பங்கு புளூட்டோனியம் வைத்த சிர்க்கான் 1,400 ஆண்டுகளிலேயே ஒழுங்கை இழந்துவிடும் என்றது அந்த ஆராய்ச்சி. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த காலம் இது.

சோதனை ஒரு பக்கம். அணுக்களின் அளவில் என்ன நடக்கிறது என்று அறியக் கணிப்பொறியை நாட வேண்டும்.

இரண்டு வகை ஒழுங்கின்மை

காலையில் பள்ளியில் பிரார்த்தனைக்கு நிற்கிறீர்கள். வரிசை நேராக இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் கலந்து நிற்கிறீர்கள். இடங்கள் ஒழுங்கு, ஆட்கள் கலப்பு. பித்தளையில் செம்பும் துத்தநாகமும் இப்படித்தான். மோனசைட்டிலும் சீரியம் இருக்க வேண்டிய இடத்தில் லாந்தனமோ நியோடிமியமோ தோரியமோ இருக்கலாம். இது முதல் வகை.

மண்டைக்காட்டுக் கொடை விழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வரிசையே இல்லை. ஆனால் முழுக் குழப்பமும் இல்லை: ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரின் மேல் இடிக்காமல் நிற்கிறார்கள், குடும்பங்கள் கைகோத்து நிற்கின்றன. கண்ணாடியும் குலைந்த சிர்க்கானும் இந்த இரண்டாவது வகை. அருகில் ஒழுங்கு உண்டு, தூரத்தில் இல்லை.

எண்ணைக் கடன் வாங்காத கணக்கு

ஒரு பொருளின் குணத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. சோதனையில் அளந்த எண்களைச் சூத்திரத்தில் பொருத்திக் கணக்கிடுவது ஒன்று. அணுவின் கருவில் எத்தனை புரோட்டான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, எலெக்ட்ரான்களுக்குரிய குவாண்டம் விதிகளிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் வருவிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை அடிப்படை விதிக் கணக்கு எனலாம். இதுவரை எவரும் செய்திராத பொருளையும், எவரும் அளக்க முடியாத நிலையையும் இதில் ஆராய முடியும். அதனால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

விலையும் அதற்குத் தக்கபடி. சிர்க்கானின் மிகச் சிறிய படிக அலகில் 12 அணுக்கள், 172 எலெக்ட்ரான்கள். ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் மூன்று திசை. ஆக 516 மாறிகள். ஒவ்வொரு மாறிக்கும் பத்தே பத்து மதிப்புகள் வைத்து அட்டவணை போட்டாலும் 1க்குப் பின் 516 சுழிகள் கொண்ட எண்ணிக்கையில் கட்டங்கள் வேண்டும். காணக்கூடிய அண்டத்திலுள்ள அணுக்களை எல்லாம் எண்ணினால் சுமார் 80 சுழிதான் வரும்!

இந்தச் சுவரில் கதவு திறந்தவர் வால்ட்டர் கோன். வியன்னாவில் பிறந்து, சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பியவர். 1964இல் இவரும் பியர் ஹோஹென்பெர்க்கும், எலெக்ட்ரான்களைத் தனித்தனியே பின்தொடரத் தேவையில்லை என்று நிறுவினார்கள். ஒவ்வொரு இடத்திலும் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மிகக் குறைந்த ஆற்றல் நிலை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அடர்த்திக்கு மூன்றே மாறிகள். மேலே சொன்ன அட்டவணை 1,000 கட்டங்களாகச் சுருங்கிவிட்டது. அடுத்த ஆண்டு கோனும் லூ ஷாமும் இதைக் கணக்கிடும் வழியைக் கொடுத்தார்கள். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் இன்னும் தோராயமாகவே எழுத முடிகிறது. கோனுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. இயற்பியலார் ஒருவருக்கு வேதியியல் பரிசு!

இந்தக் கணக்கைச் செய்யும் நிரல்கள் பலவும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்கின்றன. அந்தப் பெட்டி நான்கு பக்கமும் மேலும் கீழும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வருவதாக வைத்துக்கொள்கின்றன. படிகத்துக்கு இது மிகப் பொருத்தம். கோலத்தின் ஒரு துண்டைப் போட்டுக்காட்டினால் வாசல் முழுவதும் எப்படி வரும் என்று தெரிந்துவிடுகிறதல்லவா? ஆனால் ஒழுங்கே இல்லாத பொருளுக்கு எந்தத் துண்டைப் போடுவது?

பெட்டியைப் பெரிதாக்கலாம். ஆனால் அணுக்கள் இரு மடங்கானால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும். 12 அணுக்களுக்கு 5 நிமிடம் என்று கொள்ளுங்கள். ஒரே ஒரு ஆல்பாச் சிதைவு குலைக்கும் 5,000 அணுக்களுக்கு அதே கணிப்பொறியில் ஏறத்தாழ 690 ஆண்டுகள் ஆகும். அதுவும் ஒரே ஒரு நிலைக்கு. அணுக்கள் நகர நகர, மீண்டும் மீண்டும் போட வேண்டும்.

அறிவாளிகள் செய்த தந்திரங்கள்

முதல் வகை ஒழுங்கின்மைக்கு வெகுகாலமாகவே வழிகள் உண்டு. 1967இல் பால் சோவன் ஒரு ‘சராசரி அணு’வைக் கற்பித்தார். கலப்பிலுள்ள எல்லா அணுக்களுக்கும் பதிலாக ஒவ்வொரு இடத்திலும் அதையே நிறுத்தினால் போதும் என்றார். நல்ல வழிதான். ஆனால் வகுப்பின் சராசரி மதிப்பெண் 52 என்றால், 52 வாங்கிய மாணவன் ஒருவன்கூட அந்த வகுப்பில் இல்லாமல் போகலாம். பக்கத்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் சராசரியில் மறைந்துவிடும். நம் நாட்டு இயற்பியலார் அபிஜித் முகர்ஜி 1973இல் வேறு வழி கண்டார். ஒவ்வொரு இடத்திலும் யார் யார் இருக்கலாம் என்ற வாய்ப்புகளையே கூடுதல் திசைகளாகச் சேர்த்து, கணக்கின் வெளியை விரித்துவிட்டார். கோடிக்கணக்கான அமைப்புகளைத் தனித்தனியே போட்டுச் சராசரி எடுப்பதற்குப் பதில், விரிந்த வெளியில் ஒரே கணக்கு. பின்னாளில் கல்கத்தாவிலுள்ள சத்யேந்திரநாத் போஸ் மையத்தில் பணியாற்றி, இம்முறையை அடிப்படை விதிக் கணக்கோடு இணைத்தார்.

மூன்றாவது தந்திரத்தை நீங்களே செய்து பார்க்கலாம். 1990இல் அலெக்ஸ் சுங்கரும் அவருடைய சகாக்களும் தந்தது.

கட்டம் போட்ட நோட்டில் பெரிய சதுரம் ஒன்று வரையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் நாணயம் சுண்டி, தலை விழுந்தால் கறுப்பு, பூ விழுந்தால் வெள்ளை என்று நிரப்புங்கள். அடுத்தடுத்த கட்டங்களை ஜோடி ஜோடியாகப் பார்த்தால், ஏறத்தாழ பாதி ஜோடிகள் எதிர் நிறமாக இருக்கும். முழுக் கலப்பின் அடையாளம் அது. இனி 4×4 கட்டம் ஒன்று வரையுங்கள். முதல் வரிசை: கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை. அடுத்த வரிசையில் அதையே ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி எழுதுங்கள். கடைசியில் வெளியேறுவது முதல் கட்டத்துக்கு வரும். இப்படி நான்கு வரிசை. வலது ஓரத்துக்கு அடுத்தது இடது ஓரம், கீழ் ஓரத்துக்கு அடுத்தது மேல் ஓரம் என்று கொண்டு பக்கத்து ஜோடிகளை எண்ணுங்கள். மொத்தம் 32 ஜோடி. எதிர் நிறம் எத்தனை? சரியாக 16. மூலைவிட்ட ஜோடிகளும் 32. அவற்றிலும் எதிர் நிறம் 16!

பார்வைக்குச் சாய்வான கோடுகள், அவ்வளவு ஒழுங்கு. ஆனால் பக்கத்து வீட்டுக் கணக்கில் அது முழுக் கலப்பு. அணுவின் ஆற்றல் பெரும்பாலும் அண்டை அயலாரைப் பொறுத்தது. ஆகவே 16 கட்டமுள்ள இந்தச் சிறு பெட்டி கோடிக்கணக்கான கட்டமுள்ள கலப்புக்குப் பிரதிநிதியாக நிற்கிறது. நிற்கிறதா? ஒரே வரிசையில் இரண்டு கட்டம் தள்ளிப் பாருங்கள். எல்லாமே எதிர் நிறம், குட்டு வெளிப்பட்டுவிட்டது. தொலைவு உறவும் முக்கியமான பொருளுக்கு இன்னும் பெரிய பெட்டி தேட வேண்டும். 6×6இல், 18 கறுப்பு வைத்து, மூன்று உறவுகளிலும் பாதிக்கு எவ்வளவு நெருங்க முடிகிறது என்று முயன்று பாருங்கள். இந்தத் தேடலைத்தான் நிரல்கள் இரவெல்லாம் செய்கின்றன.

இரண்டாவது வகைக்கு இது போதாது. அங்கே கட்டமே கிடையாதே! அதனால் கணிப்பொறிக்குள்ளேயே உலையை மூட்டுகிறார்கள். நூறு, இருநூறு அணுக்களைப் பெட்டியில் போட்டு, பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றி உருக்கி, சட்டென்று குளிரவைத்து உறையச் செய்கிறார்கள். அடுத்த நொடித்துணுக்கில் ஒவ்வொரு அணுவும் எங்கே போகும் என்பதை அடிப்படை விதிக் கணக்கே சொல்கிறது. எத்தியென் பாலான், பிரான்செஸ்கோ மௌரி முதலியோர் 2003இல் சிர்க்கானை இப்படிக் கணிப்பொறியில் உருக்கி உறையவைத்து ஆராய்ந்தார்கள். ஒழுங்கான சிர்க்கானில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடு தனிக்குடித்தனம் நடத்துகிறது. இரண்டு சிலிக்கான்கள் ஓர் ஆக்சிஜனைப் பங்கிட்டுக்கொள்வதில்லை. குலைந்த சிர்க்கானிலோ சிலிக்கான்கள் ஆக்சிஜன் வழியாகக் கைகோத்துச் சங்கிலியாகின்றன. காந்த ஒத்ததிர்வுச் சோதனைகளும் இதையே காட்டின. கோத்த கை எளிதில் விடுவதில்லை. அதனால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை.

மோனசைட்டிலுள்ள பாஸ்பேட் குடும்பங்கள் அப்படிக் கைகோக்க அவ்வளவாக விரும்புவதில்லை. தள்ளப்பட்ட அணுக்கள் சிறிது வெப்பம் கிடைத்தாலே தம் இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் கனமான அயனிகளால் தாக்கி மோனசைட்டையும் குலைத்திருக்கிறார்கள். ஆனால் 200 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே குலைக்க முடிவதில்லை. சிர்க்கானுக்கு அதைப் போலப் பல மடங்கு சூடு வேண்டும். மோனசைட்டின் காயத்தை ஆற்றுவதில் ஆல்பாத் துகளுக்கே பங்கு உண்டு என்றும் சோதனைகள் காட்டுகின்றன. அடிப்பதும் அதுவே, மருந்து போடுவதும் அதுவே!

கணிப்பொறி உலைக்கு ஒரு குறை உண்டு. அங்கே உருகிய குழம்பு உறைவதற்குக் கிடைக்கும் நேரம், ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வரும் துணுக்குகளில் சில பத்து மட்டுமே. மெய்யான கண்ணாடி அப்படி உறைவதில்லை. எனவே 2007க்குப் பிறகு புதிய வழி ஒன்று வளர்ந்தது. சிறு பெட்டிகளில் ஆயிரக்கணக்கான அடிப்படை விதிக் கணக்குகளைப் போட்டு, அவற்றை ஆசிரியராக வைத்து ஓர் எளிய சூத்திரத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாடம் கற்ற சூத்திரம் பெரிய பெட்டிகளை வேகமாகக் கணக்கிடுகிறது. 2021இல் ஒரு லட்சம் அணுக்கள் கொண்ட ஒழுங்கற்ற சிலிக்கானை இப்படி ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். எனினும், மாதிரி வினாத்தாளை மட்டும் மனப்பாடம் செய்த மாணவன் பழகாத கேள்வியில் விழுவதுபோல, இந்தச் சூத்திரமும் காணாத அமைப்பில் தவறும். ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பூட்டிய நிரலின் கதை

இத்தனை படிகள். எங்கேயாவது ஒரு வரி தவறினால்? ஒழுங்கான படிகத்தில் விடை ஏறத்தாழ என்ன வரும் என்று முன்பே தெரியும். தவறு பளிச்சென்று தெரிந்துவிடும். ஒழுங்கற்ற பொருளில் சரியான விடையே சற்று அலங்கோலமாகத்தான் இருக்கும். அதற்குள் பிழை ஒளிந்துகொள்வது எளிது.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மிகைக்குளிர்ந்த நீர், அதாவது உறைநிலைக்கு வெகுவாகக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர், இரண்டு வகைத் திரவமாகப் பிரியுமா என்று ஒரு விவாதம். அடிப்படை விதிக் கணக்கு அல்ல. எளிய மாதிரி ஒன்றை வைத்துச் செய்த கணிப்பொறி ஆய்வுதான். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்தவர்கள் பிரியும் என்றார்கள். பெர்க்லியில் இருந்தவர்கள் 2011இல் பிரியாது என்றார்கள். இருவரும் ஒரே மாதிரியைத்தான் எடுத்தார்கள்; விடைகள் மட்டும் எதிரெதிர். ஆண்டுக்கணக்காகக் கட்டுரைக்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. மாநாடுகளில் காரசாரம். பெர்க்லியின் நிரல் வெகுநாள் மற்றவர் கைக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் கிடைத்தபோது, மூலக்கூறுகளுக்குத் தொடக்க வேகம் கொடுக்கும் இடத்தில் பிழை இருப்பது தெரிந்தது. 2018இல் அது வெளியாயிற்று. ஏழு ஆண்டுகள்! நிரலை முதல் நாளே மேசைமேல் வைத்திருந்தால் ஏழு வாரத்தில் முடிந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது. நீரைப் பற்றிய விவாதம் என்பதால் எவருக்கும் நட்டமில்லை. கழிவைப் பூட்டும் படிகத்தைப் பற்றிய கணக்காக இருந்தால்?

திறந்த மூல மென்பொருள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. இலவசம் என்பது அதில் சிறு பகுதியே. நிரலின் ஒவ்வொரு வரியையும் எவரும் படிக்கலாம், ஓட்டிப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோ என்ற நிரல்தொகுப்பு இப்படிப்பட்டது. அதன் வளர்ச்சியில் பெரும்பங்கு இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகர ஆய்வு நிலையங்களுக்கு உண்டு. வளரும் நாட்டு விஞ்ஞானிகளுக்காக அப்துஸ் சலாம் 1964இல் மையம் தொடங்கிய அதே ஊர். பெல்ஜியத்தில் வேர்விட்ட அபினிட், ஸ்பெயினில் வளர்ந்த சியெஸ்டா ஆகியவையும் திறந்தவையே. சியெஸ்டா என்றால் ஸ்பானிய மொழியில் பகல் தூக்கம். எஸ்ப்ரெஸ்ஸோ என்றால் கெட்டிக் காப்பி. பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு அதிகம்.

எல்லா நிரலும் ஒரே விடை தருகின்றனவா? இந்தக் கேள்வியை நேராகவே கேட்டார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில் திறந்ததும் மூடியதுமாக 15 நிரல்களை எடுத்து, 40 கணக்கு முறைகளால், 71 தனிமங்களின் படிகங்களை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தார்கள். புதிய முறைகள் ஒன்றுக்கொன்று மிக நன்றாக ஒத்துப்போயின. பழைய சிலவற்றில் வேற்றுமை தெரிந்தது. ஒரு நிரலை இன்னொன்று திருத்தும் நிலை இப்படித்தான் வந்தது. ஆனால் அந்தச் சோதனை ஒழுங்கான தனிமங்களுக்கு மட்டும். கலந்தவையும் குலைந்தவையும் பாக்கி இருக்கின்றன.

நீங்களும் செய்யலாம்

குவாண்டம் எஸ்ப்ரெஸ்ஸோவைச் சாதாரண மடிக்கணினியில் லினக்ஸின் மேல் ஓட்ட முடியும். உங்கள் அண்ணனுக்கோ அக்காவுக்கோ 2011க்குப் பிறகு அரசு கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருக்கிறதா? அதிலிருந்த பாஸ் லினக்ஸ் என்பதும் திறந்த மூலம்தான். சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு உருவாக்கியது. ஆசிரியரின் துணையோடு நிரலை நிறுவிக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்குச் சிலிக்கான் போதும். பெட்டியில் இரண்டே அணுக்கள். நிரலுக்கு நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டியது ஒரு சிறு பட்டியல்: பெட்டியின் வடிவம், அதன் பக்க நீளம், அணுக்களின் பெயர், அவை நிற்கும் இடம், கணக்கு எவ்வளவு நுட்பமாக இருக்க வேண்டும் என்பதற்கான எண். அணுவின் உள்வட்ட எலெக்ட்ரான்களைச் சுருக்கிவைத்த கோப்பு ஒன்றும் வேண்டும். அதுவும் இலவசமாகக் கிடைக்கிறது. பக்க நீளத்தை 5.2 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 5.7 வரை சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு முறையும் வரும் ஆற்றலை வரைபடத்தாளில் குறியுங்கள். கிண்ணம் போன்ற வளைகோடு வரும். அதன் அடிப்புள்ளி எந்த நீளத்தில் இருக்கிறது? சோதனையில் அளந்தது 5.43. பெரிதும் பயன்படும் 1996ஆம் ஆண்டுத் தோராயத்தில் ஏறத்தாழ 5.47 வரும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான அந்த வேற்றுமை உங்கள் தவறு அல்ல. கோனும் ஷாமும் தோராயமாக விட்ட அந்தச் சிறு பகுதியின் தவறு. உங்களுக்கு 5.6 வந்தால் அது உங்கள் பட்டியலின் தவறாகத்தான் இருக்கும். தேடுங்கள்.

அதன்பின் 12 அணுச் சிர்க்கான். பழைய கணினியானால் நுட்பமான கணக்குக்கு ஓர் இரவு ஆகலாம். விசிறியின் சத்தத்தைத் தவிர வேறு தொந்தரவு இராது. காலையில் எழுந்து, ஒவ்வொரு சிலிக்கானையும் சுற்றி நான்கு ஆக்சிஜன் நிற்கின்றனவா, சிர்க்கோனியத்தைச் சுற்றி எட்டு நிற்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியானால், ஓர் ஆக்சிஜனை மட்டும் அதன் இடத்திலிருந்து சற்று நகர்த்திவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். அது திரும்பி வருகிறதா என்று அடுத்த நாள் காலையில் தெரியும்.